தப்பாகச் சேர்த்துக்கொண்டார்களோ?

கென்டக்கி பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துக்கொண்டிருந்த பாலின் கிளான்ஸுக்கு ஒவ்வொரு முக்கியமான தேர்வும் முடிந்ததும் ஒரே புலம்பல். ஃபெயிலாகிவிடுவேன் என்பார். எழுதிய விடைகள் எதுவும் நினைவுக்கு வராது. தெரியாமல் விட்டவை மட்டும் வரிசை கட்டி வந்து நிற்கும். கேட்டுக் கேட்டு நண்பர்களுக்கு அலுத்துப்போனது. அது புரிந்ததும் கிளான்ஸ் வெளியே சொல்வதை நிறுத்திக்கொண்டார். பயம் உள்ளேயே இருந்தது. அப்பலேச்சிய மலைப்பகுதியில், மரம் அறுக்கும் ஆலை நடத்தியவரின் ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டியாக வளர்ந்தவர் அவர். தான் படித்து வந்த பின்னணிதான் இந்தப் பயத்துக்குக் காரணம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்தச் சமாதானம் உடைந்தது ஒஹாயோவில் உள்ள ஓபர்லின் கல்லூரியில். அமெரிக்காவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்த கல்லூரிகளில் முதன்முதலாகப் பெண்களுக்கு இளங்கலைப் பட்டம் தந்தது அதுதான். ஆண்டு 1841, பட்டம் வாங்கிய பெண்கள் மூவர். ஏறக்குறைய 130 ஆண்டுகள் கழித்து, 1970களின் தொடக்கத்தில், கிளான்ஸ் அங்கே பாடம் எடுத்தார், மாணவர்களுக்கு மனநல ஆலோசனையும் சொன்னார். வந்து உட்கார்ந்த பெண்களின் மதிப்பெண்ணில் குறையில்லை, நுழைவுத் தேர்விலும் பரிந்துரைக் கடிதத்திலும் குறையில்லை. ஆனால் அவர்கள் சொன்னதெல்லாம் கிளான்ஸ் தன் நண்பர்களிடம் சொல்லிச் சலித்த அதே புலம்பல். அதில் ஒரு மாணவி, இத்தனை அறிவாளிகளுக்கு நடுவே தான் ஒரு போலி போல இருப்பதாகச் சொன்னார். அந்தச் சொல் கிளான்ஸின் மனதில் தங்கிவிட்டது.

இப்போது பின்னணியைக் காரணம் காட்ட வழியில்லை. வசதியான வீட்டுப் பெண்களும், நல்ல பள்ளியில் படித்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். சக உளவியலாளர் சூசான் ஐம்ஸிடம் இதைப் பற்றிப் பேசிப் பேசி, இருவரும் சேர்ந்து வைத்த பெயர் 'இம்போஸ்டர் ஃபினாமினன்', அதாவது தன்னையே போலி என்று நினைக்கும் நிலை. பின்னால் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருவரும் கட்டுரையை எழுதி முடித்தார்கள். அனுப்பிய இதழ்கள் சில அதைத் திருப்பி அனுப்பின. 1978-ல் ஓர் உளசிகிச்சை ஆய்விதழ் வெளியிட்டது. ஏழே பக்கம்.

அந்த ஏழு பக்கத்துக்குப் பின்னால் ஐந்தாண்டு உழைப்பும் 150-க்கும் மேற்பட்ட பெண்களும் இருந்தார்கள். இளங்கலை மாணவிகள், முனைவர் பட்டம் வாங்கிய பேராசிரியைகள், மருத்துவ மாணவிகள், வழக்கறிஞர்கள், செவிலியர், சமூகப் பணியாளர்கள் என்று பல துறையினர். அவர்கள் சொன்னதை வாசிக்கும்போது மனம் கனத்துப்போகிறது. சேர்க்கைக் குழு எங்கோ தவறு செய்து தன்னை உள்ளே விட்டுவிட்டது என்று நம்பும் மாணவிகள். துறைத் தலைவராக உட்கார்ந்துகொண்டு, தன் திறமையை யாரோ மிகையாகக் கணித்துவிட்டார்கள் என்று நினைக்கும் பெண். இரண்டு முதுகலைப் பட்டம், ஒரு முனைவர் பட்டம், கட்டுரைகள் பல, இத்தனை இருந்தும் தன் துறையில் அடிப்படைப் பாடம் எடுக்கக்கூடத் தனக்குத் தகுதியில்லை என்று சொன்ன இன்னொரு பெண்.

இந்த எண்ணம் எங்கே விதைக்கப்படுகிறது என்று தேடிப்போன கிளான்ஸும் ஐம்ஸும் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். சில வீடுகளில் அக்காவோ அண்ணனோ 'அறிவாளி' என்று எப்போதோ முடிவாகியிருக்கும். இவளுக்குக் கிடைத்தது 'பாசக்காரி', 'எல்லோரிடமும் நன்றாகப் பழகுவாள்' என்ற பெயர். பிறகு அவள் எத்தனை முதல் மதிப்பெண் வாங்கினாலும் வீட்டில் அந்தத் தீர்ப்பு மாறுவதில்லை. அவளுக்குள்ளும் மாறுவதில்லை. வேறு சில வீடுகளில் நேர் எதிர். என் பெண் எதையும் சிரமப்படாமல் செய்துவிடுவாள் என்று கொண்டாடுவார்கள். ஒரு பாடம் கடினமாகப் பட்டதும் அந்தப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. சிரமப்பட்டால் நான் அறிவாளியே இல்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறாள். பெற்றோர் இருசாராரும் அன்போடுதான் பேசினார்கள். அதனால்தான் இந்தப் பகுதி எனக்கு அதிகம் வலித்தது.

சரி, வெற்றி வந்தால் சந்தேகம் தீர வேண்டாமா? தீராது. ஏன் என்பதைக் கிளான்ஸ் 1985-ல் எழுதிய புத்தகத்தில் விரித்துச் சொன்னார். ஒரு வேலை கைக்கு வருகிறது, பயம் பிடிக்கிறது. ஒருத்தி தேவைக்கு மேல் மூன்று மடங்கு தயார் செய்கிறாள். இன்னொருத்தி கடைசி நிமிடம் வரை தள்ளிப்போட்டு அரக்கப்பரக்க முடிக்கிறாள். இருவருக்கும் வேலை நன்றாகவே முடிகிறது. மாடாய் உழைத்ததால் தப்பித்தேன் என்கிறாள் முதலாமவள். ஏதோ அதிர்ஷ்டம் என்கிறாள் இரண்டாமவள். இருவர் கணக்கிலும் 'திறமை' என்ற வரவு ஏறவே இல்லை. அடுத்த வேலை வரும்போது பயம் முன்பு இருந்த அதே அளவில் காத்திருக்கிறது. பாராட்டு கூடக்கூட, மாட்டிக்கொள்வோம் என்ற பதற்றமும் கூடுகிறது.

1978 கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. அதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தன்னம்பிக்கையைக் காட்டும் பெண்ணை உலகம் தண்டிக்கிறது, அடங்காதவள், பெண்மை இல்லாதவள் என்கிறது. ஆகவே தன்னைக் குறைத்துக்கொள்வது அவளுக்கு ஒரு பாதுகாப்பாகவும் இருக்கிறது. பயத்துக்குக் காரணம் அவள் மண்டைக்குள் மட்டும் இல்லை என்பது முதல் கட்டுரையிலேயே இருந்தது.

அது மெல்லக் காணாமல் போனது. புழக்கத்தில் 'ஃபினாமினன்' போய், நோயைக் குறிக்கும் 'சிண்ட்ரோம்' வந்து ஒட்டிக்கொண்டது. மனநலக் கோளாறுகளைப் பட்டியலிடும் அமெரிக்கக் கையேட்டில் இப்படி ஒரு நோய் கிடையாது. ஆனாலும் இது பெண்ணின் கோளாறு, பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற பேச்சு நிறுவனங்களில் வேரூன்றியது. 2021-ல் ருச்சிகா துல்ஷியானும் ஜோடி-ஆன் பியூரியும் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் இதை நேரடியாக எதிர்த்து எழுதினார்கள். பெண்களைத் திருத்துவதை விட்டுவிட்டு, அவர்களைச் சந்தேகிக்க வைக்கும் பணியிடத்தைத் திருத்துங்கள் என்பது அவர்கள் வாதம். கிளான்ஸும் ஐம்ஸும் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்தட்டு வெள்ளையினப் பெண்கள். கறுப்பினப் பெண் ஒருத்தி அலுவலகத்தில் சந்திக்கும் ஏளனம் அந்தக் கணக்கில் போதிய அளவு வரவில்லை. இது நியாயமான விமர்சனம். கூட்டத்தில் ஒரு பெண் சொன்ன யோசனையை யாரும் காதில் வாங்காமல், அதையே பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதும் தலையாட்டினால், அவளுக்கு வரும் சந்தேகம் நோயல்ல, அந்த அறையைப் பற்றிய சரியான கணிப்பு.

இது பெண்களுக்கு மட்டும் வரும் உணர்வுதானா? 2020-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு 62 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஆண்-பெண் ஒப்பீடு செய்த 33 கட்டுரைகளில் 16, பெண்களிடம் இந்த உணர்வு அதிகம் என்றன. 17-ல் வித்தியாசமே தெரியவில்லை. ஆண்களுக்கும் இது நிறையவே இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, அந்தப் பழைய கட்டுரையின் சிகிச்சைப் பகுதிதான் இன்றைக்கும் உடனே கையில் எடுக்கத் தகுந்தது என்று நினைக்கிறேன். கிளான்ஸும் ஐம்ஸும் முதலில் பரிந்துரைத்தது குழுச் சிகிச்சையை. தனியாக வைத்துப் பூட்டிய ரகசியத்தை ஒருத்தி வாய்விட்டுச் சொன்னால் போதும், மற்றவர்களும் சொல்லத் தொடங்குவார்கள். தன்னைப் பற்றி நம்ப மறுப்பதை, எதிரே இருப்பவளைப் பற்றி உடனே நம்ப முடிகிறது. இவ்வளவு படித்த இவளா போலி என்று கேட்கும்போதே, அந்தக் கேள்வி தன் பக்கமும் திரும்பும்.

அடுத்தது, ஏமாற்றியதாக நினைக்கும் ஆட்களையெல்லாம் ஒவ்வொருவராக மனக்கண் முன் நிறுத்தி, உங்களை இப்படித்தான் ஏமாற்றினேன் என்று உரக்கச் சொல்வது. அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பதையும் அவளே சொல்ல வேண்டும். பேராசிரியர் வாயால் பேசும்போதுதான் பல பெண்களுக்கு உறைக்கும். சிரித்துப் பேசியதற்கா மதிப்பெண் போட்டேன், என் கணிப்பின் மேலேயே உனக்குச் சந்தேகமா என்று அவர் கோபப்பட எல்லா நியாயமும் இருக்கிறது.

மூன்றாவது, ஒரு குறிப்பேடு. யார் என்ன பாராட்டினார்கள், அதை எந்தச் சாக்குச் சொல்லித் தள்ளிவிட்டேன் என்று வந்த வார்த்தையையும் தள்ளிய விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். சில வாரம் எழுதியபின் அடுத்த பயிற்சி வரும். யாராவது பாராட்டினால், எந்தச் சாக்கும் சொல்லாமல் முழுக்கக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.