நோர்வே நாட்டு மரத் தேவாலயங்கள்

ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்கள் என்றவுடன் கற்றோர் நினைவிற்கு வருவன பிரான்சிலும் இங்கிலாந்திலும் விண்ணளாவ எழுந்த கற்கோபுரங்களேயாம். வரலாற்று நூல்களும் பெரும்பாலும் அவற்றையே விரித்துரைக்கின்றன. ஆயின் அதே காலத்தில், அக்கண்டத்தின் வடகோடியிலுள்ள நோர்வே மக்கள் தம் மலைப் பள்ளத்தாக்குகளிலே மரத்தினால் எழுப்பிய தேவாலயங்கள் முற்றிலும் வேறானதொரு கட்டடக்கலையைக் காட்டி நிற்கின்றன. கல் நிலைக்கும், மரம் அழியும் என்பது உலக வழக்கு. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக மழையையும் உறைபனியையும் தாங்கிய மரக் கட்டடங்கள் எவ்வாறு நிலைத்தன என்பது ஆராயற்பாலது.

நோர்வேயிற் கிறித்தவ சமயத்தைப் பரப்ப முயன்ற அரசருள் ஒருவரான ஓலாவ் கி. பி. 1030 இல் ஸ்திக்லஸ்தாட் போர்க்களத்தில் வீழ்ந்தார். பின்னர் மக்கள் அவரைப் புனிதராகப் போற்றினர், சமயமும் வேரூன்றியது. திரொன்ஹைம் நகரிற் கல்லாலான பேராலயம் எழுந்ததாயினும், ஊர்ப்புறத்தாருக்குக் கைவந்த பொருள் மரமே. கடலோடிகளாகிய அம்மக்கள் மரக்கலங் கட்டுவதிலே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள் என்பதையும் ஈண்டு மறத்தலாகாது.

முதலில் எழுந்த தேவாலயங்களின் தூண்கள் நிலத்திலே குழி தோண்டி நடப்பட்டன. மண்ணின் ஈரம் அடிமரத்தை உளுக்கச் செய்தமையால் அவை நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஊர்ணெஸ் என்னுமிடத்திலுள்ள தேவாலயத்தின் அடிநிலத்தை அகழ்ந்த அறிஞர், இன்றைய கட்டடத்திற்கு முன்னிருந்த ஒன்றின் சுவடுகளைக் கண்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தச்சரோ இக்குறையை எளியதொரு முறையால் நீக்கினர். கற்களைப் பரப்பி, அவற்றின்மேற் பருத்த உத்தரங்களைக் கிடையாக ஒன்றையொன்று குறுக்கிட வைத்துச் சட்டமாக்கி, அச்சட்டத்தின்மீதே தூண்களை நிறுத்தினர். மரம் மண்ணைத் தீண்டவில்லை. கீழே காற்று உலாவியது. இச்சிறு மாற்றமே இத்தேவாலயங்களின் ஆயுளை நீட்டித்தது எனலாம். நிலைக்குத்தான தூணை அந்நாட்டார் ‘ஸ்தாவ்’ என்பர். தேவாலயங்களின் பெயரும் அதனாலேயே அமைந்தது.

சுவர்ப்பலகைகள் நெட்டாக நிறுத்தப்பட்டு, ஒன்றன் விளிம்பு மற்றதன் காடியினுட் புகுமாறு பொருத்தப்பட்டன. மூலைக்கு மூலை வளைந்த தாங்கிகளும், தூண்களுக்கிடையே பெருக்கற்குறி வடிவிலான குறுக்குச் சட்டங்களும் இணைக்கப்பட்டமையால், கடுங்காற்று மோதுங்கால் கட்டடம் முழுவதும் ஒருங்கே சிறிது அசைந்து கொடுத்தது. பைன் மரத்தினின்று வடித்த கீலைக் காலந்தோறும் பூசினர். 1180ஐ அடுத்து எழுந்த போர்குண்ட் தேவாலயத்தின் கூரைகள் அடுக்கடுக்காக உயர்ந்து, முகடுகளிலே நாகவடிவத் தலைகள் நீட்டி நிற்கக் காணலாம். ஊர்ணெஸின் வடபுற வாயிற் சிற்பம் அதனினும் பழையது. மெலிந்த விலங்கும் பாம்புகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அச்சிற்பம் பதினொராம் நூற்றாண்டினது. முன்னைய தேவாலயத்திலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது. அதன் பொருள் பற்றி அறிஞர் இன்னும் ஒருமனப்படவில்லை. பொருள் விளங்காதிருந்தும் அதனைப் போற்றி வைத்த தச்சரின் மனப்பான்மை வியத்தற்குரியது.

இத்தகைய தேவாலயங்கள் ஆயிரத்திற்கும் மேற்பட இருந்தன என்பர். இன்று நோர்வேயில் எஞ்சியவை 28 மட்டுமே. 1349 இல் வந்த கொள்ளைநோயால் ஊர்கள் பாழாயின. கோயில்கள் பல கைவிடப்பட்டன. ஆயினும் எஞ்சியவற்றுக்கு நேர்ந்த பெருங்கேடு நோயினால் அன்று, வளர்ச்சியினால் என்பதே கசப்பான உண்மை. ஊர்மக்களுள் பத்தில் மூவர்க்கேனும் தேவாலயத்தில் இடமிருத்தல் வேண்டும் என 1851 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பழைய தேவாலயங்களோ சிறியவை, இருண்டவை. இடித்துப் புதியன கட்டினர். சட்டம் இயற்றியோரை முற்றாகக் குறைகூறுதலும் முறையன்று. மக்கள் தொகை பெருகிய ஊரார் வழிபட இடந்தேடியதில் தவறென்ன?

இவ்வழிவைத் தடுக்க முன்வந்தவர் சமய குருவுமல்லர், அரசருமல்லர், ஓர் ஓவியரே. பேர்கனிற் பிறந்து ஜேர்மனியின் திரெஸ்டனிற் பேராசிரியராயிருந்த யொகான் கிறிஸ்தியான் தால், 1837 இல் இத்தேவாலயங்களைப் படங்களுடன் நூலாக வெளியிட்டார். வாங் என்னும் ஊரார் தம் பழைய தேவாலயத்தை ஏலம் விட்டபோது அவரே அதனை வாங்கினார். ஆயின் அது நோர்வேயில் நிலைக்கவில்லை. பிரசிய அரசர் நான்காம் பிரெடெரிக் வில்லியத்தின் பொருளுதவியுடன் கடல் கடந்து, இன்று போலந்தைச் சேர்ந்த கார்ப்பாச்சில் நிறுத்தப்பட்டு, 1844 இல் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே நோர்வேயிற் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோருள் தாலும் ஒருவர். போர்குண்ட் ஊரார் 1868 இற் பழையதை இடியாது அதன் அருகே புதியதொன்றைக் கட்டினர். 1877 இல் பழையது சங்கத்தின் உடைமையாயிற்று. ஊர்ணெஸ் 1979 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

எனினும் மரத்திற்கு நெருப்பு என்றும் பகையே. பேர்கன் நகருக்கு அருகே பெயர்த்து நிறுத்தப்பட்டிருந்த பாந்தொவ்த் தேவாலயம் 1992 யூன் 6 இல் தீயிடப்பட்டுச் சாம்பலாயிற்று. பழைய வடிவிலேயே அதனை மீளக் கட்டி 1997 இல் முடித்தனர். தச்சு வேலை பழைய முறையது, மரம் புதியது. எஞ்சியவை 28 என்னும் கணக்கில் அதனைச் சேர்ப்பதில்லை.