எண்ணெய்க் குதமும் மின்சாரக் காரும்

திருகோணமலைத் துறைமுகத்தை அறிந்தவர்கள் சீனன்குடாக் காட்டினுள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளையும் அறிவார்கள். 2022ஆம் ஆண்டில் நாட்டிற் பெற்றோல் அற்றுப்போய், மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற வேளையிலும் அத்தாங்கிகளிற் பெரும்பாலானவை வெறுமையாகவே கிடந்தன. அந்த அனுபவத்தின் பின்னர், பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கினால் என்ன என்ற பேச்சு ஆசிரியர் ஓய்வறைகளிலும் எழலாயிற்று. மின்சாரக் கார் நேற்று வந்த புதுமை என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். சரித்திரம் வேறு கதை சொல்கிறது. சீனன்குடாத் தாங்கிகளிலும் அது வயதில் மூத்தது.

1897இலேயே லண்டன் வீதிகளில் மின்சார வாடகை வண்டிகள் ஓடின. மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தை முதன்முதல் தாண்டிய வீதி வாகனமும் மின்சார வண்டியே. 1899இல் பாரிசுக்கு அருகே பெல்ஜியரான ஜெனாற்சி அதனைச் செலுத்தினார். 1900இல் அமெரிக்காவில் உற்பத்தியான 4,192 மோட்டார் வண்டிகளில் 1,681 நீராவியாலும், 1,575 மின்சாரத்தாலும் இயங்கின. பெற்றோலால் ஓடியவை 936 மட்டுமே.

அக்காலத்தில் இவ்வண்டியை வாங்கியோர் யார்? வீட்டில் மின்னிணைப்பும் வண்டிக் கொட்டிலும் உடைய செல்வந்தர். 1907 முதல் 1939 வரை விற்பனையான 'டெட்ராயிற் எலெக்ரிக்' ஒருமுறை மின்னேற்றினால் ஏறக்குறைய 130 கிலோமீற்றர் ஓடுமென விளம்பரம் செய்யப்பட்டது. பெற்றோற் கார் மன்னரான ஹென்றி போர்டின் மனைவியே அதனை விரும்பி வைத்திருந்தார். ஆயினும், உடைமையாளரின் கவலையெல்லாம் மின்கலத்திலேயே இருந்தது. ஈய மின்கலத்துக்கு வடிநீர் ஊற்ற வேண்டும். தேய்ந்த தகடுகளை மாற்ற வேண்டும். லண்டன் வாடகை வண்டிகள் இரண்டே ஆண்டுகளில் மறைந்தமைக்கு மின்கலத்தினதும் சக்கரங்களினதும் தேய்வுச் செலவு பெருங்காரணமாயிற்று.

பெற்றோலின் வெற்றிக்குக் காரணங்கள் பல. 1901இல் டெக்சாசில் எண்ணெய் பீறிட்டது. 1908இல் போர்டின் மலிவான கார் வெளிவந்தது. 1912இல் கைப்பிடி சுழற்றாமலே எந்திரத்தைத் தொடக்கும் மின்கருவி வந்தது. இவை யாவும் பாடநூல்கள் கூறுபவை. இவற்றோடு ஏகாதிபத்தியத்தின் தேவையையும் நாம் சேர்த்துக் காண வேண்டும். நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய கடற்படைக்காகப் பிரித்தானிய அரசு 1914இல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனியின் பெரும்பான்மைப் பங்கையே வாங்கிற்று. கப்பல் வழியெங்கும் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் சீனன்குடாவில் நூற்றுக்கு மேற்பட்ட தாங்கிகள் கட்டப்பட்டமை அவ்வாறே. எண்ணெய்க்கு அரசுகளின் கருவூலமும் கடற்படையும் துணைநின்றன. மின்கல வண்டிக்கு அத்தகைய துணை வாய்க்கவில்லை.

ஆனால் போருக்கு வேண்டியபோது அதே அரசு மின்கலத்தைக் கைவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட நீர்மூழ்கிக் கப்பல்கள் நீருக்கடியில் மின்கலத்தாலேயே இயங்கின. 1944 ஜனவரியில் பினாங்குக் கடலில் யப்பானியக் கப்பலான 'குமா'வை மூழ்கடித்த 'டாலி ஹோ' அவற்றுள் ஒன்று. வீதிக்கு உதவாதெனத் தள்ளப்பட்ட பொருள் கடலடியில் யுத்தம் செய்தது!

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். 2010இன் இறுதியில் வெளிவந்த நிசான் லீஃப் கார்களிற் பல, யப்பானில் ஓடித் தேய்ந்தபின் நம் நாட்டுக்கு வந்தன. அதன் முன்பலகையில் மின்கலத்தின் கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு கோடுகள் உண்டு. வாங்குபவர் வண்ணப்பூச்சைப் பார்ப்பதற்கு முன் அக்கோடுகளை எண்ணவேண்டும். அதன் மின்கலத்துக்குத் திரவக் குளிர்விப்பு இல்லை; வெப்பமோ மின்கலத்தின் பகை. திருகோணமலையின் வெயிலை நாம் அறிவோம். ஆக, நூறாண்டு கழிந்தும் உடைமையாளரின் கவலை மின்கலத்தை விட்டு அகலவில்லை.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அதனினும் பெரியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிலவிற்று. பெற்றோல் வரிசையிலிருந்து தப்பியவர் இருட்டிலிருந்து தப்பவில்லை. கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள சம்பூரைப் பாருங்கள். 2006இற் போரினால் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அங்கு நிலக்கரி மின்நிலையம் அமைக்க வந்த திட்டம் மக்களின் எதிர்ப்புக்குப் பின் 2016இற் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. சூரிய ஒளி புகை கக்காது. அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் அம்மின்சாரத்தில் சம்பூர் விவசாயிக்கும் மீனவருக்கும் உள்ள பங்கு யாது?

பழைய மின்சாரக் காரை வாங்கும் நண்பரை நாம் தடுக்கவில்லை. கோடுகளை எண்ணி, விலை பேசி, நல்லதாகவே வாங்கட்டும். சீனன்குடாத் தாங்கிகளுக்கு அருகில் வாழ்ந்த மக்கள் எண்ணெய்க்கு உடைமையாளராய் இருந்ததில்லை என்பதை மட்டும் அவர் மறவாதிருக்கட்டும். நாளைய மின்சாரத்திலும் அந்த அநீதி தொடருமாயின், மாறியது வண்டி மட்டுமே என்றாகிவிடும். அதனை நேரவிடாமற் காப்பது நம் அனைவரதும் கடன்.