பந்தயத் திடலும் பரியின் துயரும்

திருவேட்டைத் திருவிழாவிலே மரத்தாற் செய்த குதிரை வாகனத்தையன்றி, உயிருள்ள பரியை அதிகம் கண்டறியாதவர் நம் வாவிக்கரை மாணவர். எனினும் இந்நாட்டு வரலாற்றில் அவ்விலங்கிற்கு ஓர் இடம் உண்டு.

குதிரைப் பந்தயம் ஆங்கிலேயர் கொணர்ந்த கேளிக்கை. கொழும்புக் காலிமுகத் திடலில் நிகழ்ந்த ஓட்டம் 1893ஆம் ஆண்டிற் கறுவாத் தோட்டத்துக்கு மாறியது. 1942இல் அத்திடல் போர் விமானத் தளமாயிற்று. போருக்குப் பின் மீண்டும் நடந்த பந்தயம், பண்டாரநாயக்கா அரசு அமைந்த 1956ஆம் ஆண்டுடன் கொழும்பில் நின்றது. நுவரெலியாவில் மட்டும் பின்னரும் நிலைத்தது.

அந்நாளில் எழுந்த எதிர்ப்புப் பெரும்பாலும் சூதெதிர்ப்பே. கூலிக்காரனின் பணப்பையைப் பற்றிப் பேசியோர் பலர். குதிரையின் காலைப் பற்றிப் பேசியோர் அரியர். விலங்குவதையைத் தடுக்கும் 13ஆம் இலக்கச் சட்டம் 1907இலேயே இயற்றப்பட்டிருந்தது. ஆயினும் அது விதித்த தண்டம் நூறு ரூபாவுக்கு மேற்படவில்லை. பந்தயத்திற் பொன்னை இறைப்போர்க்கு அஃதொரு பொருட்டாமோ?

காலைப் பற்றியன்றோ பேசியிருத்தல் வேண்டும்! பரியின் முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. எலும்பும் நாணும் தோலுமே உள. பாய்ந்தோடுங்கால், ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடையுள்ள உடலின் இருமடங்கிற்கும் மேலான அழுத்தத்தை ஒரு கணம் ஒற்றைக் கால் தாங்குகின்றது. எலும்பு முற்ற ஐந்தாறாண்டு செல்லும். ஓட விடுவதோ இரண்டாம் வயதில். கால் முறிந்தால், நெடுநாட் படுத்திருக்க இயலாத அவ்விலங்கு மற்றைக் கால்களில் முழுப் பாரத்தையும் ஏற்றி, அவற்றின் குளம்பும் நோயுற வருந்தும். ஆதலின் திடலிலேயே அதன் உயிரைப் போக்குதல் வழக்கமாயிற்று.

தமிழகத்திலும் இதே கதைதான். 1974இல் இயற்றப்பட்ட ஒழிப்புச் சட்டம் பணயம் வைத்தலையே குறியாகக் கொண்டது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், இது சூதன்று, திறமை மிக்க ஆட்டம் எனத் தீர்ப்பளித்தது. குதிரையின் குலமும் பயிற்சியும் ஆண்டுத் திறமைக்குச் சான்றாயின. அதன் நோவு வழக்கிற் பொருளாகவில்லை. 2014இல் ஏறுதழுவுதலைத் தடுத்த அதே மன்றம் எருதின் அச்சத்தையும் வலியையும் விரிவாக ஆராய்ந்தது. குதிரை போல ஓடுதற்கு அமைந்த உடலன்று எருதினது என்பது அங்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. எருதுக்கு இரங்கிய வாதமே பரிக்குப் பகையாயிற்று என்க! (ஏறுதழுவுதல் 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் மீண்டது, 2023இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது.) நோர்வே நாடோ 1982இலேயே பந்தயத்திற் சவுக்கடியைத் தடுத்தது.

நிற்க. ஓட்டம் ஓய்ந்த பரியின் கதி யாது? நெடுந்தீவுக்குச் செல்வோர் அதனை ஒருவாறு உணரலாம். பந்தயத்திற்கன்றி ஐரோப்பியரின் ஆட்சித் தேவைக்கென அங்கு வளர்க்கப்பட்ட குதிரைகள், தேவை தீர்ந்ததும் கைவிடப்பட்டன. பழைய இலாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. அக்குதிரைகளின் வழிவந்தவை கட்டாக்காலிகளாய் வெளிகளில் திரிந்து, கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது தாகத்தால் மடிகின்றன.