பிழையிலிருந்து தொடங்கிய பாடம்

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஆன் ஃபிஷர் என்ற பள்ளி ஆசிரியை ஓர் ஆங்கில இலக்கண நூல் எழுதினார். 1750இல் வெளிவந்த அதன் பதிப்பில், வேண்டுமென்றே பிழையாக எழுதப்பட்ட வாக்கியங்கள் பயிற்சியாக இடம்பெற்றன. லத்தீன் மாணவர்களுக்கு இருந்த பயிற்சி முறையை அவர் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். இன்று தமிழ்நாட்டில் பள்ளித் தேர்விலும் போட்டித் தேர்விலும் வரும் ‘பிழையைத் திருத்துக’ கேள்விக்கு அதுவே முன்னோடி.

ஃபிஷரின் மாணவர்கள் வீட்டில் ஆங்கிலம் பேசியவர்கள். பிழையான வாக்கியத்தைப் படித்ததும் அது அவர்கள் காதுக்கே பெரும்பாலும் உறுத்தியிருக்கும். பிழை திருத்தும் இந்தப் பாடத்தின் பிற்கால வரலாற்றைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைக்க வேண்டும்.

திருத்தச் சொல்லும் பிழைகளில் ஒன்றை மட்டும் பார்ப்போம்: எழுவாயோடு வினை பொருந்தாத பிழை. இந்தப் பொருத்தம் பார்ப்பதில் ஆங்கிலேயர்களும் ஒருமித்திருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள்கூட ஒருவரைப் பார்த்து ‘யூ வாஸ்’ என்று எழுதினார்கள். ராபர்ட் லவுத் 1762இல் வெளியிட்ட இலக்கண நூல் அதைப் பெரும்பிழை என்று கண்டித்த பின் ‘யூ வேர்’ நிலைத்தது. அடுத்து, அமெரிக்காவிலிருந்து வந்து யார்க் நகருக்கு அருகே குடியேறிய லிண்ட்லி மரே, அங்கிருந்த பெண்கள் பள்ளி ஒன்றின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதால் 1795இல் ஓர் இலக்கணம் எழுதினார். அதன் தொடரியல் பகுதியின் முதல் விதியே எண்ணிலும் இடத்திலும் எழுவாயோடு வினை பொருந்த வேண்டும் என்பதுதான். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பயிற்சி நூலும் விடை நூலும் வந்தன. விதி, பிழை வாக்கியம், விடை என்ற வரிசை வகுப்பறையில் ஊன்றிவிட்டது.

விதி சிறியது. ‘ஹி கோஸ்’ என்பதன் கடைசி ‘ஸ்’ தான் நிகழ்காலத்தில் பெரும்பாலான வினைகளுக்கு மிஞ்சிய ஒரே அடையாளம். பழைய ஆங்கிலத்தில் விகுதிகள் பல இருந்தன, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இந்த ‘ஸ்’ வட இங்கிலாந்து வழக்கிலிருந்து தெற்கே பரவியது. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள் பழைய ‘எத்’ விகுதியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதே காலத்து ஷேக்ஸ்பியரிடம் இரண்டும் கலந்து வருகின்றன. இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரப் பேச்சில் இன்றும் ‘ஷி கோ’ உண்டு. நம் ஊர்ப் பிள்ளை அதையே எழுதினால் சிவப்பு மை விழுகிறது.

இந்தியாவுக்கு இந்த விதி புத்தகத்தின் வழியே வந்தது. வடமேற்கு மாகாணங்களில் கல்வித் துறையில் பணியாற்றிய ஜே. சி. நெஸ்ஃபீல்டின் நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவின. 1930களில் பி. சி. ரென், எச். மார்ட்டின் இருவரின் நூல் வந்தது. சாகச நாவலாசிரியராகவும் பெயர் பெற்ற ரென், பம்பாய் மாகாணக் கல்விப் பணியில் இருந்தவர். ‘ரென் அண்ட் மார்ட்டின்’ தமிழ்நாட்டில் ஆங்கில இலக்கணத்துக்கே மறுபெயரானது. ‘ஈச்’, ‘எவ்ரி’ வந்தால் ஒருமை; ‘நெய்தர்–நார்’ வந்தால் பக்கத்துச் சொல்லைப் பார். இப்படி மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய தலைமுறைகள் ஏராளம். ஆனால் பிழை உறுத்துவதற்கு, ஆங்கில ஓசையைக் கேட்டுப் பழகிய காது அவர்களுக்கு வாய்க்கவில்லை.

வாய்த்திருந்தது வேறொன்று. தமிழ்ப் பிள்ளை பேசத் தொடங்கும்போதே ‘அவன் வந்தான், அவள் வந்தாள், நான் வந்தேன்’ என்று வினையை எழுவாயோடு பொருத்தியே பேசுகிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் இந்தப் பொருத்தத்தில்தான் தொடங்குகிறது. திணை வழு, பால் வழு, இட வழு என்று பிழைகளை வகைப்படுத்திய மரபு நம்முடையது. ஒருவரைப் பன்மையால் சொல்லும் ‘அப்பா வந்தார்’ போன்ற வழக்கை மரியாதைச் சொல்லாக ஏற்று, அது இலக்கண நெறி அன்று என்றும் தொல்காப்பியர் பிரித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் ஒருவரைக் குறிக்கும் ‘யூ’ பன்மை வினை பெறுவதும் இதே கதைதான்: பன்மைச் சொல் மரியாதைக்காக ஒருமைக்கு வந்தது.

பொருந்தாத வினைகளும் நம்மிடம் உண்டு. ‘அவன் வர வேண்டும், அவர்கள் வர வேண்டும்’ என்பதில் வினை மாறுவதில்லை. ஆங்கிலத்தில் ‘மஸ்ட்’ மாறாததை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. உண்மையான இடர் வேறு இடத்தில் இருக்கிறது. பெயரில் ‘ஸ்’ வந்தால் பன்மை, வினையில் வந்தால் ஒருமை. ‘பாய் ரன்ஸ், பாய்ஸ் ரன்’ என்பதைப் பார்த்துப் பிள்ளை குழம்புவது நியாயமே. எழுத்தில் ‘மாடுகள் வந்தன’ என்றாலும் பேச்சில் ‘மாடு வந்துச்சு, மாடுங்க வந்துச்சு’ என்று வினையை மாற்றாமலே சொல்கிற பிள்ளை அது.

விதியை மனப்பாடம் செய்யும் முறைக்கு மாற்று முயற்சிகளும் இங்கேயே நடந்தன. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில், தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தரவேண்டும் என்பதால் அதற்கு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர். விதிக்குப் பதிலாக வாக்கிய அமைப்புகளைச் சொல்லிச் சொல்லிப் பழக்கும் முறை அது. 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கல்வியாளர் என். எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் நடத்திய திட்டத்தில் இன்னும் துணிந்தார். இலக்கணப் பாடமே இல்லை; ரயில் நேர அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துப் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள், வழி கண்டுபிடித்தார்கள், அதற்கான ஆங்கிலத்தைக் கேட்டார்கள். கருத்தைப் புரிந்துகொள்ளும் முயற்சியிலேயே இலக்கணம் படியும் என்பது அவர் நம்பிக்கை. உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் அந்தத் திட்டத்தைப் படிக்கிறார்கள். ஆனால் நம் தேர்வுத்தாள் ஃபிஷரின் முறையை விடவில்லை.

ஆங்கிலமே தாய்மொழியான மூன்று குழந்தைகளை ஆராய்ந்து உளவியலாளர் ரோஜர் பிரவுன் 1973இல் எழுதிய நூலில், 14 சிறு இலக்கண உறுப்புகள் எந்த வரிசையில் பேச்சில் நிலைக்கின்றன என்று பட்டியலிட்டார். வினையில் வரும் இந்த ‘ஸ்’ பத்தாவது. பகலெல்லாம் ஆங்கிலம் கேட்கும் குழந்தைக்கே அது தாமதமாகத்தான் வருகிறது. ஆறாம் வகுப்பில் அது தவறினால் மதிப்பெண் குறைப்பது அநியாயம். ஆங்கில ஆசிரியர்கள் அந்தப் பாடத்தைத் தொடங்கும் முன் பக்கத்து வகுப்புத் தமிழாசிரியரிடம் ஒருமுறை பேசட்டும். பிழையான வழுவும் பிழையற்ற வழாநிலையும் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டறிந்து அங்கிருந்து தொடங்கட்டும்.