வெள்ளத்துக்கு மழையின் கணக்கு: சிறு நகர வடிநிலங்களில் நிகழ்வெண் மதிப்பீட்டின் வரலாறு

பேராற்றின் வெள்ள நிகழ்வெண்ணை அறிய நெடுங்கால நீரளவைப் பதிவுகள் துணைசெய்யும். சில நூறு ஏக்கர் பரப்புடைய நகர வடிநிலத்துக்கோ அத்தகைய பதிவு பெரும்பாலும் இராது. இருந்தாலும், பதிவு தொடங்கியபோதிருந்த நகரம் அது முடியும்போது இராது. இவ்விடர்ப்பாட்டைக் கடக்கப் பொறியாளர்கள் வெள்ளத்துக்கு மாற்றாக மழையை எண்ணினர். அம்மாற்று நிகழ்ந்த விதம் ஆராயத்தக்கது.

இம்முறையின் வேர் நகரத்தில் இல்லை. அயர்லாந்தின் நில வடிகால் பணிகளோடு தொடர்புடைய தாமஸ் மல்வானி, வடிநிலத்தின் மிகத் தொலைவிடத்து நீர் வாயிலை அடைய ஆகும் காலமே உச்சப்பெருக்கைத் தீர்மானிக்கிறது என 1851அளவில் எடுத்துரைத்தார். எமில் குயிச்லிங் 1889இல் ரோச்செஸ்டர் நகரின் கழிவுநீர்க் கால்வாய்களை ஆராய்ந்து இக்கருத்தை நகரத்துக்குக் கொணர்ந்தார். பெய்த மழையில் வடிந்து செல்லும் பங்கு, நீர் புகாப் பரப்பின் பங்கோடு ஏறத்தாழ ஒத்திருப்பதை அவர் கண்டார். வழிந்தோட்டக் கெழு, மழைச்செறிவு, பரப்பு ஆகியவற்றின் பெருக்கற்பலனே உச்சப்பெருக்கு என்னும் 'ரேஷனல் முறை' இவ்வாறு உருப்பெற்றது. பிரித்தானியாவில் இது, 1906இல் கட்டுரை வெளியிட்ட லாயிட்-டேவிஸின் பெயரால் வழங்கலாயிற்று. (ஓர் ஏக்கரில் மணிக்கு ஓரங்குல மழை என்பது விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கனஅடி நீர். தற்செயலான இவ்வொற்றுமையும் வாய்பாட்டின் செல்வாக்குக்கு உதவியிருக்கலாம்.)

இவ்வாய்பாட்டின் உறுப்புகளுள் நிகழ்வெண் இல்லை. அது மழைச்செறிவின் வழியாகவே உட்புகுந்தது. டேவிட் யார்னெல் 1935இல் அமெரிக்க வேளாண்மைத் துறை வாயிலாக வெளியிட்ட மழைச்செறிவு நிகழ்வெண் தரவுகள் இதற்குப் பெரிதும் வழிவகுத்தன. பத்தாண்டு மழையை இட்டால் பத்தாண்டு வெள்ளம் கிட்டும் என்று கொள்ளப்பட்டது. இது மெய்ப்பிக்கப்பட்ட முடிவன்று, வசதி கருதி ஏற்கப்பட்ட கோள் என்றே கருத வேண்டியுள்ளது. நனைந்த மண்ணில் விழும் நடுத்தர மழை, வறண்ட மண்ணில் விழும் பெருமழையினும் மிகுந்த பெருக்கைத் தரக்கூடும்.

வெள்ளத்தையே நேரில் அளக்கும் வழிக்கு ஆய்வு மெல்லத் திரும்பியது. அமெரிக்கப் புவியியல் அளவாய்வகத்தின் வெர்னான் சாவர் குழுவினர் 1983இல் 56 நகரங்களைச் சேர்ந்த 269 வடிநிலங்களின் பதிவுகளைத் தொகுத்தாய்ந்தனர். கால்வாய்ச் சீரமைப்பு, கால்வாய்க் காரைப்பூச்சு, மழைநீர்க் குழாய்கள், தெருவோர வடிகால் ஆகிய நான்கையும் கொண்டு 0 முதல் 12 வரையான வளர்ச்சிக் குறியெண்ணை அவர்கள் அமைத்தனர். நகராக்கம் அடிக்கடி வரும் சிறுவெள்ளங்களையே விகித அளவில் மிகுதியாகப் பெருக்குகிறது. அரிய பெருவெள்ளத்தின்போது ஊர்ப்புற மண்ணும் நிறைந்து நீரை வெளியேற்றிவிடுவதால் வேறுபாடு குறைகிறது. எல்லா மழைக்கும் ஒரே கெழு என்னும் வழக்கம் இதனோடு முரண்படுகிறது. 25, 50, 100 ஆண்டு மழைகளுக்குக் கெழுவை முறையே 1.1, 1.2, 1.25 ஆகியவற்றால் பெருக்குமாறு சில வடிகால் கையேடுகள் பணிப்பது இம்முரணை ஓரளவே தணிக்கிறது. மழைக்கு முந்தைய மண்ணின் ஈரம் அப்பெருக்கெண்ணிலும் இடம்பெறவில்லை.