சென்னையில் பெட்ரோல் ஆவிக் கட்டுப்பாடும் வாகனப் புகைச் சோதனையும்

பெட்ரோல் ஆவிக் கட்டுப்பாட்டு அமைப்பு என்பது, வாகனத்தின் எரிபொருள் தொட்டியில் உருவாகும் ஆவி வெளிக்காற்றில் கலக்காமல் பிடித்துவைத்து, பின்னர் எஞ்சினுக்குள் செலுத்தி எரிக்கும் அமைப்பாகும். சென்னையில் ஓடும் பெட்ரோல் கார்களில் ஏறத்தாழ கால் நூற்றாண்டாகவும், இருசக்கர வாகனங்களில் பாரத் நிலை-4 விதிகள் வந்த பிறகும் இது இடம்பெற்றுள்ளது. எனினும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என எந்தப் பகுதியின் புகைச் சோதனை மையத்திற்குச் சென்றாலும் அங்கே சோதிக்கப்படுவது புகைக்குழாய் மட்டுமே. விதியில் இடம்பெற்ற ஆவி சோதனையில் இடம்பெறாமல் போனது, இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில் வந்ததன் விளைவாகும்.

பின்னணி

வாகன மாசு என்றால் புகை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் நெதர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சூழ்ந்த கண்ணெரிச்சல் தரும் மூட்டம் எவ்வாறு உண்டாகிறது என்பதை விளக்கினார். எரியாத பெட்ரோலின் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உருவாக்குகின்றன என்பதே அவர் கண்டறிந்தது. ஹைட்ரோகார்பன் புகைக்குழாயில் இருந்து மட்டும் வருவதில்லை. நிறுத்தி வைத்த காரின் தொட்டியும் சூடான கார்புரேட்டரும் அதை வெளிவிடுகின்றன. இதனால் 1970ஆம் ஆண்டு மாடல் கார்களுக்குக் கலிபோர்னியாவிலும், 1971 மாடல்களுக்கு அமெரிக்கா முழுவதிலும் ஆவிக் கட்டுப்பாடு கட்டாயமானது.

செயல்படும் விதம்

தொட்டியில் சேரும் ஆவி ஒரு குழாய் வழியே கேனிஸ்டர் எனப்படும் கரிப்பெட்டிக்குச் செல்கிறது. அதிலுள்ள கிளர்வூட்டப்பட்ட கரி ஆவியைத் தன் நுண்துளைகளில் பிடித்துக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்கிறது. வெளிக்காற்று கரியின் வழியே உறிஞ்சப்பட்டு, அதில் தங்கிய பெட்ரோலைச் சேர்த்துக்கொண்டு எஞ்சினுக்குள் போகிறது. கரி மீண்டும் காலியாகி அடுத்த முறைக்குத் தயாராகிறது.

இதன் எதிரிகள் எளியவை: தளர்ந்த தொட்டி மூடி, வெடித்த ரப்பர் குழாய், சிக்கிக்கொண்ட வால்வு, தண்ணீர். பங்கில் துப்பாக்கி தானாக நின்ற பிறகும் விளிம்புவரை பெட்ரோல் நிரப்பினால், ஆவிக்குப் பதில் திரவமே கேனிஸ்டருக்குள் புகுந்து கரியைக் கெடுத்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரையோரப் பகுதிகளில் ஏராளமான வாகனங்கள் மூழ்கின. அவ்வாறு நீரில் மூழ்கிய வாகனத்தில் கரி நனைந்தாலோ காற்றுத் துளையில் சேறு அடைத்தாலோ, எஞ்சின் சரியாக ஓடினாலும் ஆவிக் கட்டுப்பாடு வேலை செய்யாது.

இந்தியாவில் விதிகள்

இந்தியாவில் ஆவிக்கு முன்பே புகைக்கு விதி வந்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் உருவான 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், புகைச் சான்றிதழ் முறைக்கு அடிப்படையாக அமைந்தன. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. ஈயம் அந்தக் கருவியைக் கெடுக்கும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அப்போதே விற்பனைக்கு வந்தது.

2000ஆம் ஆண்டில் யூரோ-1 தரத்தை ஒட்டிய விதிகள் நாடெங்கும் வந்தன. சென்னையில் 2001இல் பாரத் நிலை-2, 2005இல் நிலை-3, 2010இல் நிலை-4 எனப் படிப்படியாக உயர்ந்து, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நிலை-6 நடைமுறைக்கு வந்தது. கார்களுக்கான ஆவி உமிழ்வின் எல்லை ஒரு சோதனைக்கு 2 கிராம். காரைக் காற்றுப் புகாத அறையில் வைத்துப் பூட்டி, அறையில் சேரும் ஹைட்ரோகார்பனை அளப்பதே இச்சோதனை.

இது புதிய மாடலுக்கு ஒப்புதல் பெறும்போது ஆய்வகத்தில் நடப்பது. ஐரோப்பிய முறையில் ஒரு நாள் முழுவதும் நடக்கும் சோதனையில் அறையின் வெப்பம் 20 முதல் 35 பாகை வரை உயர்த்தப்படுகிறது. சென்னையின் மே மாத வெயில் இந்த உச்சத்தைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. 2003 மே இறுதியில் நகரில் 45 பாகை பதிவானது.

இருசக்கர வாகனங்களுக்கு ஆவி எல்லை பாரத் நிலை-4 மூலமே வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் நிலை-3 வாகனங்களை விற்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சென்னை வாகனங்களில் பெரும்பான்மை இருசக்கர வாகனங்களே என்பதால், நகரைப் பொறுத்தவரை இது கார்களுக்கான விதியைவிடப் பெரிய மாற்றமாகும்.

புகைச் சோதனையில் உள்ள இடைவெளி

சோதனை மையத்தில் பெட்ரோல் வாகனத்தின் புகைக்குழாயில் குழல் செருகி, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. தொட்டி மூடியோ கேனிஸ்டரோ பார்க்கப்படுவதில்லை. சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் மூடி தளர்ந்து நாள் முழுவதும் ஆவி கசியும் வாகனமும் அந்தச் சான்றிதழை முறையாகப் பெற்றுவிட முடியும்.

அமெரிக்காவில் இந்த இடைவெளி வேறு விதமாக அடைக்கப்பட்டது. 1996 மாடல்கள் முதல் கார்களில் ஓபிடி-2 எனப்படும் தன்னாய்வு அமைப்பு கட்டாயமானது. தொட்டியும் குழாய்களும் இறுக்கமாக உள்ளனவா என்பதைக் காரின் கணினியே சோதிக்கிறது. பல மாநிலங்களில் ஆய்வாளர் அந்தக் கணினியின் பதிவைப் படிக்கிறார். சுயசோதனைகள் முடிந்துள்ளன என்பதைக் காட்டும் குறிப்பே ஆயத்தநிலை. பிழைக் குறிகளை அழித்தால் ஆயத்தநிலையும் அழிந்துவிடும். எனவே விளக்கை அணைத்துவிட்டு உடனே ஆய்வுக்குச் செல்வதால் பயனில்லை. குறைகளைச் சரிசெய்து, தொட்டியைப் பாதியளவு நிரப்பி, இரவு முழுவதும் எஞ்சினை ஆறவிட்டு, மறுநாள் சீராக ஓட்டினால்தான் ஆவிச் சோதனை பொதுவாக நிறைவேறும்.

இந்தியக் கார்களிலும் ஓபிடி உண்டு. ஆனால் இந்திய விதிகள் பின்பற்றிய ஐரோப்பிய முறை, ஆவி அமைப்பில் பர்ஜ் வால்வின் மின்சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்பதைக் கண்காணிப்பதையே குறைந்தபட்சத் தேவையாகக் கொண்டது. தொட்டியில் கசிவு உள்ளதா என்று பார்ப்பதை அது கட்டாயமாக்கவில்லை. ஆகவே இங்கு எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பது மூடி இறுக்கமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

பெட்ரோல் பங்குகள்

வாகனத்தில் விடுபட்ட ஆவி, பங்குகளின் வழியே நீதிமன்றத்திற்கு வந்தது. பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது. அதைத் தினமும் சுவாசிப்பவர்கள் பங்கு ஊழியர்கள். 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆவி மீட்புக் கருவிகள் குறித்த வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வு இது தொடர்பாகப் பிறப்பித்த ஆணை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 10 லட்சத்திற்கும் மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில், மாதம் 3 லட்சம் லிட்டருக்கு மேல் விற்கும் பங்குகள் இக்கருவியைப் பொருத்த வேண்டும் என்பதை 2023இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

பராமரிப்பு

சோதனை மையம் பார்க்காத நிலையில், ஆவி அமைப்பைப் பேணும் பொறுப்பு உரிமையாளரிடமும் மெக்கானிக்கிடமும் உள்ளது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்தால் மாற்றுதல், குழாய்களைச் சர்வீஸின்போது பார்த்தல், துப்பாக்கி நின்றதும் நிரப்புவதை நிறுத்துதல், வெயிலில் நிறுத்தாமல் நிழலில் நிறுத்துதல் ஆகியவை போதும். நிறுத்திய வண்டியின் அருகே பெட்ரோல் வாசனை தொடர்ந்து வீசினால், புகைச் சான்றிதழ் செல்லுபடியாக இருந்தாலும் ஆவி அமைப்பைச் சோதிக்க வேண்டும்.