எஞ்சின் பின்னால் போன கதை

1970 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. கலிஃபோர்னியாவில் லாங் பீச் பக்கம் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப் என்ற பந்தயத் திடல். பச்சை விளக்கு எரிந்ததும் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் கிளட்சை விட்டார். வண்டி கிளம்பிய வேகத்திலேயே அவர் கால்களுக்கு நடுவில் இருந்த கியர்பெட்டி வெடித்தது. வண்டி இரண்டு துண்டானது. அவருடைய வலது பாதத்தின் முன்பகுதி போய்விட்டது. சிதறிய இரும்புத் துண்டு பட்டு, பார்வையாளர் ஒருவருக்கும் பலத்த காயம். அந்தக் கியர்பெட்டி கார்லிட்ஸே வடிவமைத்தது. வேறு யாரையும் நொந்துகொள்ள முடியாது.

அந்த வெடிப்பிலிருந்து பிறந்த ஒரு வண்டியின் கதை இது. அதற்கு முன் பழைய வண்டி எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

டிராக் ரேஸ் என்பது வளைவே இல்லாத பந்தயம். அன்று நேர் கோட்டில் கால் மைல், அதாவது 1,320 அடி. இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். முதலில் கோட்டைத் தொடுகிறவருக்கு வெற்றி. இதில் உச்சப் பிரிவுக்கு டாப் ஃபியூயல் என்று பெயர். எஞ்சினுக்குள் போவது பெட்ரோல் அல்ல, நைட்ரோமீத்தேன். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பங்கைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் திரவம் அது. அதனால் ஒரே அளவு காற்றுக்குப் பெட்ரோலைப் போலப் பல மடங்கு ஊற்றி எரிக்கலாம். பலமும் அந்த அளவுக்கு வரும், ஆபத்தும் அந்த அளவுக்கு வரும்.

1950-களின் நடுவிலிருந்து இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரே வடிவம்தான். நீண்ட குழாய்ச் சட்டம், நடுவில் எஞ்சின், அதன் பின்னால் கிளட்ச், பின் அச்சு, அதற்கும் பின்னால் ஓட்டுநர். அச்சின் இரு பக்கமும் கால்களைப் போட்டுக்கொண்டு, உண்டிவில்லின் தோல்பட்டையில் வைத்த கல்லைப் போல உட்கார்ந்திருப்பார். பெயரும் அதுதான்: ஸ்லிங்ஷாட். பாரம் முழுக்கப் பின் சக்கரத்தில் இறங்கும், டயர் தரையைப் பற்றிக்கொள்ளும். ஓட்டத்துக்கு அது நல்ல கணக்கு. ஓட்டுகிறவருக்கு? எஞ்சின் உடைந்தால் கொதிக்கும் எண்ணெய் நேராக அவர் முகத்துக்கு வரும். தீப்பிடித்தால் காற்று அந்தத் தீயை அவர் மீதே தள்ளும். கிளட்ச் வெடித்தால் கால் போகும்.

கார்லிட்ஸுக்கு இது புதிதல்ல. 1932-இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் பிறந்தவர். 1959-இல் தென் கரோலினாவின் செஸ்டரில் எஞ்சின் மேலிருந்த, காற்றை உள்ளே திணிக்கும் சூப்பர்சார்ஜர் வெடித்து உடம்பைச் சுட்டது. 1967 டிசம்பரில் மைக் சொரோகின் என்ற ஓட்டுநர் கிளட்ச் வெடித்து இறந்தார். 1969-இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ஜான் மல்லிகன் என்ற ஓட்டுநர் தீயில் சிக்கி, பின்னர் உயிரை விட்டார். வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு வேகம் கூட்டிக்கொண்டே போயின. 1964-இல் நியூ ஜெர்சியில் மணிக்கு 201 மைல் தொட்டவர் கார்லிட்ஸேதான். உட்காரும் இடம் மட்டும் மாறவில்லை.

மருத்துவமனைக் கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த கார்லிட்ஸ் காகிதத்தில் கோடு போட ஆரம்பித்தார். எஞ்சினைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தார். வெடித்தால் வெடிக்கட்டும், எண்ணெயும் தீயும் பின்னால் போகட்டும் என்பது எண்ணம்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. பின் எஞ்சின் வண்டியைப் பலர் முன்பே கட்டிப் பார்த்திருந்தார்கள். பெரும்பாலானவை வேகம் எடுத்ததும் நேராகப் போக மறுத்தன. சில கவிழ்ந்தன. ‘அது ஆளைக் கொல்லும் வண்டி’ என்பது பந்தயக்காரர்கள் நடுவில் ஊறிப்போன நம்பிக்கை. கார்லிட்ஸும் அதைக் கட்டப் போகிறார் என்று தெரிந்தபோது, காலோடு நிறுத்தாமல் உயிரையும் கொடுக்கப் போகிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

டாம்பாவுக்கு அருகே செஃப்னர் என்ற ஊரில் அவருடைய பட்டறை. அந்தக் குளிர்காலத்தில் அங்கே வேலை நடந்தது. கூட இருந்தவர்கள் இருவர். ஒருவர் கானி ஸ்விங்கில். குழாயை வளைத்துப் பற்றவைப்பதில் கை தேர்ந்தவர், டிராக்ஸ்டர் என்கிற இந்தப் பந்தய வண்டியை ஓட்டியும் பழகியவர். மற்றவர் டி.சி. லெமன்ஸ், மெக்கானிக். இவர்களோடு கார்லிட்ஸ். பெரிய நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் கிடையாது, கணினி கிடையாது. குழாய், வெல்டிங், டாட்ஜின் 426 கன அங்குல ஹெமி எஞ்சின், மூன்று பேரின் அனுபவம். இவ்வளவுதான் முதலீடு. வண்டிக்கு வழக்கம்போல ‘ஸ்வாம்ப் ராட்’, அதாவது சதுப்பு எலி என்று பெயர். ஃபுளோரிடாவின் சதுப்புக் காட்டிலிருந்து வந்தவன் என்று வைக்கப்பட்ட கேலிப் பெயரைக் கார்லிட்ஸ் தன் வண்டிகளின் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டவர். இது 14-ஆவது எலி.

வண்டி தயார். ஓட்டிப் பார்த்தால், முன்பு கட்டிப் பார்த்தவர்கள் சொன்னது சரியாகவே இருந்தது. வேகம் ஏற ஏற வண்டி இடம் வலமாக அலைந்தது. எடையை மாற்றினார்கள், அதையும் இதையும் திருத்தினார்கள். அலைச்சல் நிற்கவில்லை. சலித்துப்போன கார்லிட்ஸ் இதை மூலையில் போட்டுவிட்டுப் பழையபடி முன் எஞ்சின் வண்டியே கட்டலாம் என்று பாட் என்ற தன் மனைவியிடம் சொன்னார். அவர் ஒப்பவில்லை. திரும்பிப் போய் அதையே சரியாக்கு என்று அனுப்பிவிட்டார். பாதி பாதத்தோடு வீட்டுக்கு வந்த கணவனைப் பார்த்துக்கொண்டவர் அவர். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

தீர்வு ஸ்விங்கிலிடமிருந்து வந்தது. கோளாறு எஞ்சினிலும் இல்லை, சட்டத்திலும் இல்லை, ஸ்டியரிங்கில் இருந்தது.

பேருந்தில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து போனவர்களுக்கு இது உடனே விளங்கும். வண்டி வால் ஆட்டினால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். ஸ்லிங்ஷாட்டில் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தது அந்தக் கடைசி இருக்கைக்கும் பின்னால். பின் சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலும் இடுப்பே சொல்லிவிடும். கை உடனே திருப்பும், வண்டி உடனே நேராகும். அதற்கேற்ப ஸ்டியரிங்கையும் வேகமாக வைத்திருந்தார்கள். லேசாகத் திருப்பினாலே சக்கரம் நன்றாகத் திரும்பும்.

புது வண்டியில் ஓட்டுநர் முன்னால் வந்துவிட்டார். பின்பக்கம் வழுக்குவது அவருக்குத் தாமதமாகத் தெரிகிறது. தெரிந்ததும் பழைய பழக்கத்தில் வெடுக்கென்று திருப்புகிறார். வண்டி அந்தப் பக்கம் பாய்கிறது. மறுபடி இந்தப் பக்கம் திருப்புகிறார். இப்படித் திருத்தத் திருத்தவே அலைச்சல் பெரிதாகிக்கொண்டு போயிருக்கிறது. அத்தனை பேரும் வண்டி மீது பழி போட்டார்கள். தப்பு செய்தது கையின் அவசரம். ஸ்டியரிங்கை மந்தமாக்கினார்கள்: கை அதிகம் திரும்பினால்தான் சக்கரம் கொஞ்சம் திரும்பும். வண்டி நூல் பிடித்தாற்போல ஓடியது.

1971 ஜனவரியில் அந்த வண்டியைக் கார்லிட்ஸ் பாதத்தைப் பறிகொடுத்த அதே லயன்ஸ் திடலுக்குக் கொண்டுபோனார். பிப்ரவரியில் போமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தில் அதை ஓட்டி வென்றார். கேலி பேசியவர்கள் வண்டியை அளவெடுக்க ஆரம்பித்தார்கள். பின்னர் எஞ்சினுக்கு மேலே ஓர் இறக்கையும் வந்து, பின் சக்கரங்களைத் தரையோடு அழுத்திப் பிடித்தது. பழைய ஸ்லிங்ஷாட்டை விட்டு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். 1972-இல் கனடாவில் ஆர்ட் மார்ஷல் பெற்ற வெற்றிதான், அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. நடத்தும் தேசியப் பந்தயத்தில் முன் எஞ்சின் டாப் ஃபியூயல் வண்டிக்குக் கிடைத்த கடைசி வெற்றி. பதினைந்து ஆண்டுக்கு மேல் கொடிகட்டிப் பறந்த வடிவம் இரண்டே ஆண்டில் ஓய்ந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலோடு நிறுத்திக்கொள்வார்கள். அடிபட்ட மேதை, காகிதத்தில் ஒரு கோடு, புதிய வண்டி என்று முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் காகிதத்தில் இருந்த வண்டி வேறு யார் காகிதத்திலும் இருந்திருக்கக்கூடிய வண்டிதான். பலரும் கட்டினார்கள், தோற்றார்கள். அதை ஓட வைத்தவை இரண்டு: விட்டுவிடாதே என்று ஒருவர் சொன்னது, ஸ்டியரிங்கைப் பார் என்று இன்னொருவர் சொன்னது. வண்டியின் மீது ஒருவர் பெயர்தான் இருக்கும். பட்டறையில் அப்படி இருப்பதில்லை.

1984-இல் ஃபுளோரிடாவின் ஒகாலா அருகே கார்லிட்ஸும் பாட்டும் டிராக் பந்தய அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள். பழைய சதுப்பு எலிகளைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டு அங்கே வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். முதல் எலியில் ஓட்டுநர் எஞ்சினுக்குப் பின்னால், பதினான்காவதில் எஞ்சினுக்கு முன்னால். இன்றைக்கு டாப் ஃபியூயல் பந்தயக் கோட்டில் வந்து நிற்கும் ஒவ்வொரு டிராக்ஸ்டரிலும் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.